பரிசல் வரும் பாகம்

அக்கா இறந்த பதினாறாம் நாள் சமையலுக்கு ஊறவைத்த புளியின் வாசனையில், பாப்பிரெட்டிப்பட்டியில் அம்மா கூலிக்குச் சுத்தியலால் புளி தட்டிக் கொட்டை எடுத்த கொட்டகை எனக்கு ஞாபகம் வந்துவிட்டது. இப்போது அங்கே பெட்ரோல் பங்க் இருக்கிறது. அன்றெல்லாம் பள்ளிக்கூடம் விட்டதும் நானும் அக்காவும் புளிமூட்டையில் சாய்ந்துகொண்டு, மூலையில் இருந்த டிவியில் ஐந்து வீரர்கள் சேர்ந்து உலகத்தைக் காப்பாற்றும் கார்ட்டூன் பார்ப்போம். சுத்தியல் சத்தத்தில் வசனம் ஒன்றும் கேட்காது, அதனால் ஐந்து பேருக்கும் அக்காவே ஐந்து குரலில் பேசுவாள். பெண்கள் சுத்தியலை நிறுத்திவிட்டுக் கேட்பார்கள், டிவியை அல்ல, அவளை.

ஒருநாள் பச்சை உடுப்புக்காரி மற்ற நால்வரையும் காப்பாற்றிவிட்டு ஆற்றில் விழுந்த நேரத்தில் கரண்ட் போனது. நான் அழுதேன்.

"அழுவாதடி. ஒகேனக்கல் பரிசல்காரரு அவளத் தூக்கிப் போட்டுக்கிட்டாரு," என்றாள் அக்கா.

"மீன் வறுவலும் வாங்கிக் குடுத்தாராடி?" என்று ஒருத்தி கிண்டல் செய்தாள்.

"ரெண்டு பிளேட்டுங்க்கா!"

கொட்டகையே சிரித்தது, நானும் சிரித்துவிட்டேன்.

இன்று சாப்பாடு முடிந்ததும் அந்தப் பாகத்தைப் போனில் தேடி எடுத்தேன். அக்காவின் மகள் என் மடியில் உட்கார்ந்து பார்த்தாள். பச்சை உடுப்புக்காரி திரும்பி வரவேயில்லை. நால்வர் மட்டும் தலைகுனிந்து கரையில் நின்றார்கள். நான் போனை அணைக்கப் போனேன்.

"இரு சித்தி, ஆஃப் பண்ணாத. பரிசல்காரரு வருவாருன்னு அம்மா சொல்லுச்சு."

பெயர்கள் ஓடி முடிந்து திரை கறுத்த பிறகும் நாங்கள் காத்திருந்தோம்.