மிக்கேல் சம்மனசுக்கு ஒரு வாள்

அடைக்கலசாமி தன் வாழ்நாளில் எதையும் தானாகத் தேர்ந்தெடுத்ததில்லை. இதை வேண்டாதவர்கள் யாரும் சொல்லவில்லை. அவர் மனைவி லூசிதான் சொல்லுவாள், அதுவும் வாரத்துக்கு இரண்டு தடவையாவது.

சொன்னதில் பொய்யும் இல்லை. வேம்பாரில் கடலுக்குப் போய்க்கொண்டிருந்த மனுஷனை ஐம்பத்து நாலாம் வருஷம் அந்தமானுக்குக் கப்பலேற்றிவிட்டது அவர் அண்ணன். போர்ட் பிளேரில் ஃபீனிக்ஸ் பே ஜெட்டியில், வந்து அணையும் கப்பல்களுக்குக் கயிறு கட்டும் வேலையில் சேர்த்துவிட்டது ஊர்க்காரர் ஒருவர். லம்பா லைன் என்ற இடத்தில் வீடு பார்த்துக் கொடுத்தது இன்னொருத்தர். உடுத்தும் சட்டை லூசி எடுத்தது. டீக்கடையில் "க்யா லேகா?" என்று கேட்டால்கூட, "குச் பீ தே தோ பாய்" என்பார். எதையாவது கொடு என்று சொல்லிவிட்டு, வந்ததைக் குடிப்பார். அப்படி ஒரு பிறவி.

இதெல்லாம்கூட லூசி பொறுத்துக்கொள்வாள். அவள் பொறுக்காதது ஒரு கடிதம். அவருக்குப் பெண் பார்த்துவிட்டு, போட்டோவும் வைத்து, "உனக்குச் சம்மதமா?" என்று அம்மா வேம்பாரிலிருந்து எழுதிக் கேட்டாள். இவர் எழுதிய பதில், "பெண் விஷயம் தங்கள் இஷ்டம்." அவ்வளவுதான். மாப்பிள்ளைக்குச் சம்மதம் என்பதற்கு அத்தாட்சியாக அந்தக் கடிதத்தை அம்மா பெண் வீட்டில் கொடுத்தாள். லூசி அதைத் தகரப்பெட்டியில் சேலைக்கடியில் வைத்துக் கடல் தாண்டிக் கொண்டுவந்துவிட்டாள். பன்னிரண்டு வருஷமாகச் சண்டை வந்தால் பெட்டி திறக்கும். "என்ன கட்டிக்கணும்னு ஒரு வார்த்த எழுதுனீங்களா? கருவாடு வாங்கக்கூட இதவிட நாலு வார்த்த சேத்து எழுதுவாங்களே!" என்பாள்.

அறுபத்தொன்பதில் வந்தது வாள் விவகாரம்.

வேம்பார்ப் பக்கத்திலிருந்து வந்த கடற்கரை ஜனங்கள் சேர்ந்து கட்டிய தகரக்கூரைக் கோயில் ஒன்று லம்பா லைனுக்குக் கொஞ்சம் தள்ளி இருந்தது. உள்ளே மிக்கேல் சம்மனசு என்ற தேவதூதரின் சுரூபம். காலடியில் கொம்பு வைத்த பசாசு, தூக்கிய வலது கையில் வெள்ளி வர்ணம் பூசிய மரவாள். அந்தமான் ஈரத்துக்கும் கரையானுக்கும் சம்மனசின் வாள் என்று தெரியுமா? ஒரு மழைக்காலத்தில் தின்று முடித்துவிட்டன. மீதி இருந்தது வெறும் முஷ்டியும் அதில் ஒரு துளையும். ஒரு ஞாயிற்றுக்கிழமை எவனோ நனைந்த குடையை அதில் செருகிவைத்துவிட்டுப் பூசை பார்த்தான். சாமியார் பிரசங்கத்தை நிறுத்திவிட்டுத் திட்டினார். செப்டம்பர் கடைசியில் திருநாள், அதற்குள் வாள் வாங்கியாக வேண்டும் என்று அன்றே முடிவானது.

மெயின்லேண்டுக்கு லீவில் போக ஆகஸ்ட் கப்பலில் டிக்கெட் வைத்திருந்த ஒரே ஆள் அடைக்கலசாமி. வேறு வழியில்லை. கோயில் கமிட்டித் தலைவர் தாமஸ் கூப்பிட்டுச் சொன்னார்: "வே அடைக்கலம், நல்லா பளபளன்னு, தங்கப்பூச்சு போட்டு, செவப்புக் கல்லு வச்சது. பாத்தா பசாசுக்குக் கண்ணு கூசணும். அச்சா?"

"சரி வே" என்றார் அடைக்கலசாமி. அவருக்குத் தெரிந்த பதில் அதுதான்.

ஜெட்டியில் வழியனுப்ப வந்த லூசி வேறு சொன்னாள். "தாமஸ் அண்ணன் சொல்லுறத விடுங்க. கண்டவன்கிட்ட எது நல்லதுன்னு கேட்டு வாங்கிட்டு வராதீங்க. ஒரே ஒரு பொருளையாவது நீங்களா பாத்து, இதுதான்னு எடுத்துட்டு வாங்க. அப்படி ஒரு ஆளத்தான் நான் கட்டியிருக்கேனான்னு இந்த ஒரு தடவ பாத்துக்கிடுதேன்." சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனால் கண் சிரிக்கவில்லை, அது அவருக்குத் தெரிந்தது.

வாளுக்கு அளவு எடுத்துவைத்திருந்தார். முஷ்டித் துளையில் சிக்கென்று பொருந்தும் மூங்கில் ஒன்றைச் செருகிப் பார்த்து, அதைச் சுற்றிக் கயிறு பிடித்து ஒரு முடிச்சு. முஷ்டியிலிருந்து சிறகு உச்சிவரை நீளம் பிடித்து இன்னொரு முடிச்சு. அந்த மூங்கிலையே கொண்டுபோயிருக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். கயிற்றுக்காரனுக்குக் கயிறுதான் அளவுகோல். சம்மனசுக்கு அளவெடுப்பதால் பழைய கயிறு ஆகாது என்று, பிரிக்காத கட்டிலிருந்து புதுசாக ஒரு துண்டு வெட்டியிருந்தார். கப்பலில் இரண்டாம் நாள் அலை மேல்தளத்தில் ஏறி அடித்ததில் அவரும் நனைந்தார், பையும் நனைந்தது. மெட்ராஸ் போய்ச் சேருவதற்குள் எல்லாம் காய்ந்துவிட்டது.

மெட்ராஸில் ஜம்புலிங்கம் என்பவர் நாடகச் சாமான் கடை வைத்திருந்தார். கிரீடம், கதாயுதம், ஒட்டுத்தாடி என்று கூரைவரை தொங்கியது. சம்மனசுக்கு வாள் என்றதும் அவர் எடுத்துப்போட்டது அச்சாகத் தாமஸ் சொன்ன வாள்! தங்கப்பூச்சு, சிவப்புக் கல், வளைந்த நுனி. பக்கத்திலேயே நேரான இரும்பு வாள்கள் இரண்டு கிடந்தன. ஒன்று கொஞ்சம் நீளம், ஒன்று குட்டை. பூச்சு இல்லை, கல் இல்லை. பிடிக்கு மேலே குறுக்கே ஒரு கம்பி, தூக்கிப் பிடித்தால் சிலுவை.

"அது ஏதோ காலேஜ்ல இங்கிலீஷ் நாடகம் போட்டாங்கன்னு படத்தப் பாத்து அடிச்சது. எழுநூறு வருஷத்துக்கு முன்னால சீமையில குதிரைப்படைக்காரன் வச்சிருந்த வாளாம். அசல் இல்ல, மாதிரிதான். கூர் கிடையாது, சும்மா பார்வைக்கு வைக்கலாம். யாரும் கேக்கறதில்ல" என்றார் ஜம்புலிங்கம்.

"இதுல எது..." என்று ஆரம்பித்துவிட்டார் அடைக்கலசாமி. எது நல்லதுன்னு நீங்களே சொல்லுங்க என்பதுதான் மீதி. லூசி முகம் வந்து நின்றது. வாயை மூடிக்கொண்டு, வெளியே போய் ஒரு டீ குடித்தார். திரும்பி வந்தார். மறுபடி வெளியே போனார். சாயங்காலம் ஆகிவிட்டது. மறுநாள் கடை திறக்கும்போதே வாசலில் நின்றார். ஜம்புலிங்கத்துக்குப் பொறுமை போய்விட்டது. "ஐயா, பொண்ணு பாக்கவா வந்திருக்கீங்க?"

அந்தப் பேச்சில் அவருக்குச் சுருக்கென்றது. தங்கவாளை எடுத்து ஒரு வீசு வீசினார். கலகலவென்று சத்தம் கேட்டது. பிடி ஆடுகிறது, கல் ஆடுகிறது. இரும்பு வாளை வீசினார். சத்தமே இல்லை. பதினைந்து வருஷம் கப்பல் கயிறு பிடித்த கை, எது இறுக்கம் எது தொளதொளப்பு என்று அதற்குத் தெரியாதா? நீள வாள்தான் அவருக்குப் பிடித்திருந்தது. ஆனால் கயிற்று முடிச்சு குட்டை வாளுக்குத்தான் சரியாக வந்தது, பிடியின் சுற்றளவும் அதற்கே. "இதக் கட்டுங்க" என்றார். வாங்கியது வாளா வம்பா என்று அவருக்கே தெரியவில்லை.

திருநாளுக்கு முந்தின ஞாயிறு, பூசை முடிந்து எல்லாரும் கோயிலில் நிற்கும்போது பொட்டலத்தைப் பிரித்தார். தாமஸ் முகம் சுருங்கிவிட்டது. "என்ன வே இது? ஒரு கல்லு இல்ல, பூச்சு இல்ல. சம்மனசு பசாசோட சண்ட போடணுமா, தேங்கா உரிக்கணுமா?"

"நானா பாத்து எடுத்தது" என்றார் அடைக்கலசாமி. அந்த வார்த்தை அவர் வாயிலிருந்து வந்ததில் பாதிப் பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

ஸ்டூலில் ஏறி வாளை முஷ்டிக்குள் செருகிவிட்டு இறங்கினார். இறங்கி ஒரு மூச்சு விடவில்லை, வாள் முன்னால் சாய்ந்து, துளையிலிருந்து நழுவிக் கீழே விழுந்தது. பசாசின் கொம்பு ஒன்று முறிந்து சாமியார் காலடிக்கு உருண்டது. ஒரே சிரிப்பு! சாமியாரும் சிரித்துவிட்டார்.

"போதும் வே. அடுத்த கப்பல்ல இதத் திருப்பி அனுப்பும். தங்க வாளையே வாங்கியாரச் சொல்லுவோம்" என்றார் தாமஸ்.

அடைக்கலசாமி குனிந்து வாளை எடுத்துக்கொண்டார். வழக்கமாக இந்த இடத்தில் "சரி வே" வரும். பெண்கள் பக்கம் லூசி முக்காட்டுக்குள் அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அனுப்ப முடியாது" என்றார்.

சட்டைப்பையிலிருந்து அளவுக் கயிற்றை எடுத்து விரலால் உருட்டிப் பார்த்தார். முறுக்கு இறுகிக் கிடந்தது. விஷயம் விளங்கியது, அவருக்குத் தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றியது. புதுக்கயிறு முதல் தண்ணீர் பட்டதும் சுருங்கும். நனைத்து, இழுத்துக் காயவைக்காமல் அதை எந்த வேலைக்கும் எடுக்கக் கூடாது என்று ஜெட்டியில் கத்திக் கத்தித் தொண்டை வற்றியவரே அவர்தான்.

"குத்தம் வாள் மேல இல்ல, என் மேல. நனையாத கயிறுல அளவெடுத்துட்டேன். கயிறு சுருங்கிட்டு, பிடி ஒல்லியாப் போச்சு" என்று எல்லார் முன்னாலும் சொன்னார். "ஆனா வாள் இதுதான்."

கோயில் படியில் உட்கார்ந்தார். தார் பூசிய மெல்லிய கயிறு வரவழைத்து, பிடியில் ஒரு சுற்றுக்கு ஒரு இழுப்பாக நெருக்கிச் சுற்றினார். அரைமணி நேரம் தலை நிமிரவில்லை. மறுபடி ஸ்டூலில் ஏறி, முஷ்டிக்குள் வைத்து முறுக்கி இறக்கினார். தாமஸ் தானே ஏறி ஆட்டிப் பார்த்தார். அசையவில்லை. "கொஞ்சம் குட்டைதான்" என்றார். பிறகு, "பக்கா" என்றும் சொல்லிவிட்டு இறங்கினார். பசாசு அந்தத் திருநாளுக்கு ஒற்றைக் கொம்போடுதான் தேரில் போனது.

வீட்டுக்கு நடக்கும்போது லூசி கேட்டாள். "இந்த வாளுக்காகக் கடையில எத்தன நாள் நின்னீங்க?"

"ரெண்டு நாள்."

"என்னையும் அப்படி நாலு பேரோட நிறுத்தி எடுத்துக்கோன்னு சொல்லியிருந்தா, எத்தன நாள் நின்னுருப்பீங்க?"

அவர் யோசிக்கவில்லை. "நின்னுருக்க மாட்டேன். போட்டோ வந்த அன்னைக்கே முடிஞ்சுபோச்சு. எழுதத்தான் கை வரல."

லூசி வேகமாக முன்னால் நடந்தாள். வீட்டுக்குள் நுழைந்ததும் பெட்டி திறக்கும் சத்தம். போச்சுடா, சண்டை என்று நினைத்தார் அவர். கடிதத்தைக் கொண்டுவந்து மடியில் போட்டாள்.

"திருத்துங்க."

அவர் காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்தார். "தங்கள்" என்பதை அடித்துவிட்டு மேலே "என்" என்று எழுதி நீட்டினார். பெண் விஷயம் என் இஷ்டம்.

லூசி வாங்கிப் படித்தாள். கண்ணை முந்தானையால் துடைத்துக்கொண்டு, காகிதத்தைத் திரும்ப அவரிடமே கொடுத்தாள்.

"பென்சில்னா அழிஞ்சுபோகும். பேனாவால எழுதுங்க."