சாக்பீஸ் கோடு போடாத அச்சு

பேருந்துப் பணிமனையில் அவளை எல்லோரும் பிரேக்கக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். இருபத்திரண்டு வருஷமாகப் பிரேக் வேலை. அவள் கை வைத்த வண்டி ஒன்றுகூடக் குறையென்று திரும்பி வந்ததில்லை. இதை அவளே நாளைக்கு நாலு தடவை சொல்லிவிடுவதால் யாருக்கும் மறக்க வழியில்லை. அவளுடைய சட்டம் ஒன்றே ஒன்று: எதைக் கழற்றினாலும், திரும்ப மாட்டும்போது பக்கம் மாறாதிருக்க, முதலில் இடது பக்கம் சாக்பீஸால் ஒரு கோடு. கோடு போடாமல் ஸ்பானரைத் தொட்டவன் அன்றைக்குத் தொலைந்தான்.

வீட்டுக்காரர் தேனீ வளர்ப்பவர். சாதுவான மனுஷர், ஆனால் சாவியைத் தொலைப்பார், தேதியை மறப்பார், தினம் அவளிடம் வாங்கிக் கட்டிக்கொள்வார். போன வருஷம் சூரியகாந்தித் தோட்டத்துக்குப் பெட்டிகளை வாடகை வண்டியில் ஏற்றிப் போனபோது, குலுங்கின குலுக்கலில் தேனடைகள் உடைந்து பாதிக் கூட்டம் அழிந்துபோயிற்று. இரண்டு நாள் அவர் சரியாகச் சாப்பிடவில்லை. மிஞ்சியது பன்னிரண்டு பெட்டி. அதுவும் போனால் தொழிலையே விட வேண்டியதுதான்.

அதனால்தான் யாரையும் கேட்காமல் ஏலத்துக்குப் போய், ராணுவம் கழித்துப்போட்ட டிரெய்லர் ஒன்றை வாங்கி வந்து வாசலில் நிறுத்தினார்.

"இது ஒரு டன் சாமான் ஏத்துறதுக்குச் செஞ்சது. உங்க பெட்டி மொத்தமும் முந்நூறு கிலோ. ஸ்பிரிங் அசையவே அசையாது, வழியெல்லாம் எகிறிக் குதிக்கும்," என்றாள்.

"அதுக்குத்தான் நீ இருக்கியே."

இப்படிச் சொல்கிற ஆளை என்ன செய்வது? வேலையில் இறங்கினாள். ஒன்பது பட்டை ஸ்பிரிங்கில் ஐந்தை உருவி எறிந்தாள். துருவேறிய அச்சைக் கழித்துவிட்டு, பழைய இரும்புக் கடையிலிருந்து பிரேக்கோடு இருந்த வேறொன்றைக் கழற்றி வந்தாள். முன்னால் இழுத்துப் போகிற அவர்கள் வீட்டுக் கார் வேகம் குறைந்தால் டிரெய்லர் காரை முட்டும். அந்த முட்டலிலேயே அதன் பிரேக் பிடித்துக்கொள்ளும். ரிவர்ஸில் மட்டும் பிடிக்காமல் விட்டுவிடும். அப்படிப்பட்ட அச்சு.

மாட்டி முடித்து ரிவர்ஸ் எடுத்துப் பார்த்தால், சக்கரம் இறுகி நின்றது. பிரேக் கேபிள் டைட்டாக இருக்கிறது என்று இரண்டு சுற்றுத் தளர்த்தினாள். அப்புறம் அவர் வெறும் டிரெய்லரோடு தெருமுனைச் சரிவில் காரை இறக்கினார். பிரேக்கை மிதித்ததும் டிரெய்லர் நிற்காமல் காரைப் பின்னாலிருந்து நெட்டித் தள்ள, கார் ஒரு வேலியை உரசிக்கொண்டு நின்றது.

"என் தப்புதான். வேகமா இறக்கிட்டேன் போல," என்றார் அவர், முகம் வெளுத்துப்போய்.

அவள் டிரெய்லருக்கு அடியில் படுத்துப் பார்த்தாள். சக்கரம் சுழலும் திசைக்காகப் பிரேக்கில் பொறித்திருந்த அம்புக்குறி, முன்னால் காட்ட வேண்டியது, இரண்டு சக்கரத்திலும் பின்னால் காட்டியது. வீட்டுச் சந்துக்குள் தூக்கி வரும்போது திரும்பிவிட்ட அச்சை, இடது நுனி வலப்பக்கம் வரும்படி அப்படியே மாட்டியிருக்கிறாள். பின்னால் போனால் பிடிக்கும். முன்னால் போனால் விட்டுவிடும்.

வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். பழியை அவரே எடுத்துத் தலையில் போட்டுக்கொண்டாயிற்று. நாளைக்கு அவர் தோட்டம் பார்க்கப் போகிற நேரத்தில் திருப்பி மாட்டினால் யாருக்குத் தெரியப்போகிறது? ஒரு நிமிஷம் அவளுக்கு அந்த ஆசை வரத்தான் செய்தது. எழுந்து கையைத் துடைத்தாள்.

"உங்க தப்பு இல்லைங்க. அச்சை இடம் வலமா மாத்தி மாட்டிட்டேன். யாரோ ஏறுற பஸ்ஸுன்னா கோடு போட்டிருப்பேன். நம்ம வீட்டு வண்டிதானேன்னு விட்டுட்டேன்." பெட்டியோடு இறக்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அப்போதுதான் உறைத்தது.

அவர் அவளையே பார்த்தார். மெல்லச் சிரிப்பு வந்தது.

"இத்தனை வருஷமா இந்த வீட்டுல நான் ஒருத்தனே தப்பு பண்ணிட்டு இருந்தேன். இப்பதான் துணைக்கு ஆள் வந்திருக்கு."

அச்சைக் கழற்றிச் சரியாகத் திருப்பி மாட்டினாள். சனிக்கிழமை பன்னிரண்டு பெட்டியும் தோட்டம் போய்ச் சேர்ந்தன. ஓர் அடைகூட உடையவில்லை. அன்று காலை கிளம்பும் முன்பே, அச்சின் இடது பக்கத்தில் கோணல்மாணலாக ஒரு சாக்பீஸ் கோடு இருப்பதைப் பார்த்தாள். அது அவள் போட்டதில்லை.