மாலை போட்ட படம்

கைபேசியில் எது வந்தாலும் ஒரு பொம்மையைத் தட்டி அனுப்பிவிட்டு நகர்வது என் கெட்ட பழக்கம். கட்டைவிரல், கும்பிடு, சிரிப்பு. "கருமாதிப் பத்திரிகைக்கும் கட்டைவிரலத் தூக்குவ நீ" என்று என் வீட்டுக்காரர் கேலி செய்வார். அவர் வாய் பலித்துவிட்டது.

நான் ஒன்பதாம் வகுப்பு ஆசிரியை. வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் இருப்பதெல்லாம் பெற்றோரின் எண்கள்தான். வேலை நேரத்தில் போன் அவர்கள் கையில் இருக்கும். வீட்டுக்கு வந்த பிறகு பிள்ளைகள் கைக்குப் போகும். இது எனக்குத் தெரியும். தெரிந்து என்ன புண்ணியம்?

ஒரு மாணவிக்குக் காய்ச்சல், மூன்று நாளாக வரவில்லை. அவள் பக்கத்தில் உட்காரும் தோழி சனிக்கிழமை மதியம், சாப்பிட வந்த அப்பாவின் போனை வாங்கி, குழுவில் ஒரு படம் போட்டாள். எங்கள் ஊரில் காது குத்தினாலும் செத்தாலும் போஸ்டர் ஒட்டியாக வேண்டுமே, அந்த மாதிரி. நடுவில் காய்ச்சல்காரியின் முகம், சுற்றி மாலை, இரண்டு பக்கமும் குத்துவிளக்கு, மேலே 'கண்ணீர் அஞ்சலி'. கீழே பொடி எழுத்தில், 'எங்களைத் தவிக்கவிட்டு வீட்டில் படுத்துக் கிடக்கும் கழுதையே, சீக்கிரம் வா.'

காளவாசல் சிக்னலில் வண்டியில் நின்றபடி பார்த்தேன். குபீரென்று சிரிப்பு வந்தது. விழுந்து விழுந்து சிரிக்கும் பொம்மை ஒன்றை அனுப்பினேன். பச்சை விழுந்தது, போய்விட்டேன்.

படத்தில் இருந்தவளின் அம்மா பரவை மார்க்கெட்டில் வெங்காயம் தரம் பிரிக்கிறவர். எழுத்துக்கூட்டத் தெரியாது. காய்ச்சலில் கிடந்த மகளைத் தனியே விட்டுவிட்டு வேலைக்கு வந்திருந்தவர், அந்தப் படத்தைத் திறந்திருக்கிறார். மாலை, விளக்கு, நடுவில் மகள். அதைப் படிக்க எழுத்து எதற்கு? செருப்புகூடப் போடாமல் அலறிக்கொண்டே வீட்டுக்கு ஓடியிருக்கிறார். மகள் கஞ்சி குடித்துவிட்டுத் தூங்கிக்கொண்டிருந்தாளாம்.

இதெல்லாம் செவ்வாய்க்கிழமைதான் எனக்குத் தெரிந்தது, அதே தெருவிலிருந்து வரும் இன்னொரு பெண் சொல்லி. "இனிமே அவள ஸ்கூலுக்கே அனுப்ப மாட்டாகளாம் டீச்சர். மார்க்கெட்டுக்குக் கூட்டிட்டுப் போகப் போறாக."

படம் போட்டவள் தேம்பித் தேம்பி அழுதாள். "சீக்கிரம் வரட்டும்னுதான் டீச்சர் போட்டேன்." எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அவளை உண்டு இல்லை என்று ஆக்கியிருப்பேன். எந்த முகத்தை வைத்துக்கொண்டு? சாயங்காலம் அவளையும் அழைத்துக்கொண்டு பரவையில் அவர்கள் வீட்டுக்குப் போனேன்.

அந்த அம்மா அவளைத் திட்டவில்லை. "இது சின்னப்புள்ள, விடுங்க. நீங்க சிரிச்சிருந்தீகளே டீச்சர். எனக்குப் படிக்கத்தான் தெரியாது. சிரிக்கிற பொம்மை தெரியும், பக்கத்துல இருந்த உங்க போட்டோவும் தெரியும்."

"யோசிக்காமப் பண்ணிட்டேன்க்கா. தப்புதான், மன்னிச்சிருங்க" என்றேன். சொல்லும்போதே அழுதுவிட்டேன்.

அவர் போனை என்னிடம் நீட்டினார். "இத அழிச்சுக் குடுங்க. எனக்கு அழிக்கத் தெரியல. அவ கையாலயே அழிக்கச் சொல்லவும் மனசு வரல. போனத் தொறந்தாலே மாலையோட வந்து நிக்கிறா."

அழித்தேன். தோழிதான் மெல்ல, "அத்தை, அவளையும் உங்களையும் ஒரு போட்டோ எடுக்கட்டா?" என்று கேட்டாள். அந்த அம்மா கதவோரம் நின்ற மகளைப் பக்கத்தில் இழுத்து, நெற்றி முடியை ஒதுக்கிவிட்டார். போனைத் திறந்ததும் அந்தப் படம் வருமாறு வைத்துக் கொடுத்தோம். பள்ளிக்கு அனுப்புவதாக அவர் சொல்லவில்லை.

மறுநாள் வகுப்பில் என் தப்பிலிருந்துதான் பாடத்தை ஆரம்பித்தேன். உங்கள் வீட்டுப் போன் பகலில் யார் கையில் இருக்கும் என்று கேட்டேன். பஸ் ஓட்டுகிற அப்பா, நெஞ்சுவலிக்கார அம்மா, கண் மங்கலான பெரியப்பா. ஒவ்வொருவராகச் சொல்லச் சொல்ல, வகுப்பில் சத்தம் குறைந்துகொண்டே வந்தது. அவள் இடம் மட்டும் காலியாக இருந்தது.

வியாழக்கிழமை காலை குழுவில் ஒரு குரல் பதிவு வந்தது. பின்னால் மார்க்கெட் இரைச்சல். "டீச்சர், புள்ள வாரா. பாத்துக்கங்க."

விரல் தன்னால் கட்டைவிரல் பொம்மைக்குப் போனது. அட மூதேவி, என்று என்னையே திட்டிக்கொண்டு விரலை எடுத்தேன். மைக்கை அழுத்திப் பேசினேன்: "வரட்டும்க்கா. நான் ஸ்கூல் கேட்டுலதான் நிக்கிறேன்."