எங்கள் ஒழுங்கையின் சுத்தமான போத்தல்கள்

அவளுடைய போத்தலில் கிருமி இருந்தது. என்னுடையதில் இல்லை. கொழும்பு ஆய்வுகூடத்திலிருந்து வந்த கடிதத்தை டொக்டர் வாசித்து முடித்தபோது நான் அல்லாஹ்வுக்கு நன்றி சொல்லியிருக்க வேண்டும். என் போத்தல்கள் என் சொந்த ஒழுங்கையின் கழிவுநீர்க் கானில் இருந்து போனவை. அங்கே டைபாய்டு என்கிற நெருப்புக் காய்ச்சலின் கிருமி இல்லையென்றால் என் சாச்சியின் பிள்ளைகளும் அயல்வீட்டுப் பிள்ளைகளும் தப்பினார்கள் என்றுதான் பொருள். எனக்கோ நெஞ்சு எரிந்தது. அடுத்த முறையாவது என் போத்தலில் கிருமி வர வேண்டும் என்று மனதுக்குள் கேட்டேன். என் ஊருக்குள் நோய் இருக்க வேண்டும் என்று நான் ஆசைப்பட்டேன் என்பதை இப்போது எழுதும்போதும் கை கூசுகிறது.

சூறாவளி அடித்த மறு வருடம் அது. கிணறுகளுக்குள் வெள்ள நீர் புகுந்திருந்தது. கல்முனைப் பக்கம் எங்கும் நெருப்புக் காய்ச்சல். யார் வீட்டிலிருந்து அது பரவுகிறது என்று கண்டுபிடிக்க சுகாதாரப் பகுதி இரண்டு பெண்களைத் தற்காலிகமாக வேலைக்கு எடுத்தது. நான் ஒருத்தி. மற்றவள் ஆலையடிவேம்பிலிருந்து தினமும் பஸ்ஸில் வந்த தமிழ்ப் பிள்ளை. எங்களுக்கு மேல் ஒரு டொக்டர், யாழ்ப்பாணத்துக்காரர்.

பெண்களை ஏன் எடுத்தார்கள் என்றால், எங்கள் ஊரில் வீடுகளின் அழுக்குத் தண்ணீர் பின்வளவு வழியாகத்தான் ஓடும். கிணற்றடியும் கக்கூஸும் அங்கேதான். பெண்கள் குளிக்கும் இடத்துக்குள் எந்த ஆணும் நுழைய முடியாது. நாங்கள் உள்ளே போய், காயத்துக்குக் கட்டும் வலைத்துணியை மடித்து, நடுவில் தங்கூசி நூலால் இறுக்கிக் கட்டி, கானுக்குள் தொங்கவிடுவோம். இரண்டு நாள் அழுக்குத் தண்ணீர் அதன் வழியாக ஓடும். பிறகு எடுத்து, மஞ்சள் மருந்துத் தண்ணீர் உள்ள போத்தலில் போட்டு, ஐஸ் பெட்டியில் வைத்துக் கொழும்புக்கு அனுப்புவோம். யாருடைய உடம்பிலாவது கிருமி இருந்தால் அது துணியில் ஒட்டியிருக்கும். ஒரு கானில் கிருமி தெரிந்தால் அதற்கு மேலே கான்கள் சேரும் ஒவ்வொரு இடத்திலும் துணி கட்டுவோம். அப்படியே ஏறிப் போனால் கடைசியில் ஒரு வீட்டு வாசலில் நிற்கலாம். காய்ச்சல் மாறியும் கிருமியைச் சுமக்கிற ஓர் ஆள் அந்த வீட்டில் இருப்பார். அவருக்கு மருந்து கொடுத்தால் ஒழுங்கையே தப்பும்.

முதல் நாளே டொக்டர் சொல்லிவிட்டார். எங்களில் ஒருத்தியைத்தான் கொழும்பு ஆய்வுகூடத்துக்கு ஆறு மாதப் பயிற்சிக்கு அனுப்ப முடியும். திரும்பி வந்தால் நிரந்தர வேலை.

அந்த இடம் எனக்குத்தான் என்று நான் முடிவு செய்திருந்தேன். என் உம்மா கைநாட்டு வைப்பவ. வாப்பாவுக்குத் தன் பெயரை மட்டும் எழுதத் தெரியும். எங்கள் குடும்பத்தில் விஞ்ஞானம் படித்து உயர்தரப் பரீட்சை எழுதியவள் நான் ஒருத்திதான். பெறுபேறு வந்த அன்று ஒழுங்கை முழுக்க என் வீட்டு முற்றத்தில் நின்றது. அவளுடைய அப்பாவோ பள்ளிக்கூட வாத்தியார். அவளுக்குப் படிப்பு வீட்டுக்குள்ளேயே கிடந்த சாமான். எனக்கு அப்படியில்லை. அதனால் கொழும்பும் எனக்கே சேர வேண்டும் என்பது என் கணக்கு.

வீட்டில் உம்மாவிடம் அப்படித்தான் சொன்னேன். “உம்மா, இந்தப் போத்தலுகள வெச்சித்தான் நான் கொழும்புக்குப் போறதும் போகாததும் இருக்கி.”

“போத்தல் நல்லா வந்தாச் சரிதானே?” என்று உம்மா கேட்டா.

“ஓம்” என்றேன். அதற்கு மேல் விளக்கவில்லை. விளக்கினாலும் உம்மாவுக்கு விளங்காது என்று நினைத்தேன்.

மூன்று வாரமும் இதே கதைதான்: அவளுடையதில் கிருமி, என்னுடையதில் இல்லை. அவளுடைய பகுதி சந்தைக்குத் தெற்கே. அதுவும் எங்கள் ஆட்கள் இருக்கிற இடந்தான். அவளுக்கு அங்கே ஒருவரையும் தெரியாது. ஆனால் போகிற வீடெல்லாம் அவளுக்குப் பாய் விரித்தார்கள். பின்னேரம் அலுவலகத்துக்கு வரும்போது அவளுடைய பையில் வாழையிலையில் சுற்றிய பணியாரம் இருக்கும்.

“ஒங்கட ஊர்ல எனக்கு வயிறு வெடிக்கப் போகுது” என்று சிரிப்பாள். “ஒரு ராத்தா சொல்றா, இன்னும் ஒண்டு திண்டாத்தான் கானக் காட்டுவாவாம்.”

எனக்கு யாரும் பணியாரம் தரவில்லை. என் ஒழுங்கைப் பெண்கள் என்னைக் கண்டால் முக்காட்டை இழுத்துச் சரிசெய்துகொண்டு ஒதுங்கி நின்று வழிவிடுவார்கள். அதை மரியாதை என்று எடுத்துக்கொண்டேன். கானில் எப்போதும் ஒரு மருந்து மணம் இருக்கும். எங்கள் ஒழுங்கை எவ்வளவு துப்புரவு என்று அதிலும் ஒரு பெருமை.

அவள் ஒழுங்கை ஒழுங்கையாக ஏறி ஒரு வீட்டைக் கண்டுபிடித்தாள். அந்த வீட்டு மனுசிக்கு மருந்து கொடுக்கத் தொடங்கினார்கள். டொக்டர் அவள் வரைந்த கான் படத்தைச் சுவரில் ஒட்டினார். நீல மையால் கான், சிவப்பால் வீடுகள். நான் அதைவிட நன்றாக வரைவேன். ஆனால் என்னிடம் வரைவதற்குக் கிருமி இல்லை.

நாலாவது வாரம் டொக்டர் என்னை உள்ளே கூப்பிட்டார்.

“பிள்ளை, உங்கட ஒழுங்கையில இருந்து மூண்டு பிள்ளையள் வார்ட்டில கிடக்குதுகள். மூண்டும் நெருப்புக் காய்ச்சல். ஆனா உங்கட போத்தல் எல்லாம் சுத்தம். துணியைக் கானுக்குள்ளதானே போட்டனீங்கள்?”

“ஓம் டொக்டர்.”

“வீட்டில கிணத்துத் தண்ணியில நனைச்சுக்கொண்டு வரேல்லைத்தானே?”

நான் கள்ளம் செய்கிறேன் என்று அவர் நினைக்கிறார் என்பது அப்போதுதான் விளங்கியது. அவர் பேனாவை மூடினார். “சரி, ரெண்டு பேரும் இடத்தை மாத்துங்கோ. அவ உங்கட பக்கம் போகட்டும்.”

அடுத்த இரண்டு நாளும் நான் தெற்கே போய் யாரோ வீட்டுக் கான்களில் துணி கட்டினேன். அவள் என் ஒழுங்கைக்குள் போனாள். அவள் என் வீட்டுப் பின்வளவில் குந்தியிருந்து துணி கட்டியதையும், என் உம்மா அவளுக்குத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்ததையும், அவள் தலைப்பின்னல் கானுக்குள் விழாமல் என் சாச்சி பிடித்துக்கொண்டு நின்றதையும் மாமி மகள் மச்சி ஒருத்தி வந்து எனக்குச் சொன்னா. ஒவ்வொன்றும் கன்னத்தில் ஓர் அறை மாதிரி விழுந்தது.

கொழும்புக் கடிதம் வந்தது. என் ஒழுங்கையில் அவள் கட்டிய துணிகளில் இரண்டில் கிருமி இருந்தது. முதல் முறையிலேயே.

அவள் என் பக்கம் திரும்பி, “பாவம், ஒங்கட ஆக்கள்...” என்று தொடங்கினாள். நான் எழும்பி வெளியே வந்துவிட்டேன். நேரே சாச்சி வீட்டுக்குத்தான் போனேன். எங்கள் ஊர் வழக்கப்படி உம்மாவுக்கும் அவட தங்கையான சாச்சிக்கும் பக்கத்துப் பக்கத்து வளவுதான் சீதனமாக வந்திருந்தது. சாச்சி கிணற்றடியில் மீன் கழுவிக்கொண்டிருந்தா.

“சாச்சி, அவட போத்தல்ல கிருமி வந்திருக்கு. என்ட போத்தல்ல ஒரு நாளும் வரல்ல. அது எப்பிடி?”

சாச்சி தலையை நிமிர்த்தவேயில்லை. “வரும்தானே. அவக்கு நாங்க போடல்லயே.”

“என்ன போடல்ல?”

“வெள்ளத்தூள்தான் மனே. நீ துணி கட்டிட்டுப் போனா, மறுகா நாங்க எல்லாரும் ஆளுக்கொரு சிரட்ட கானுக்குள்ள கொட்டுவம். உன்ட போத்தல் நல்லா வரணும், புள்ள கொழும்புக்குப் போகணும் எண்டு உன்ட உம்மாதான் வீடு வீடா வந்து சொன்னா.”

“சாச்சி, அந்தத் தூள் கிருமி சாகட்டும் எண்டு கிணத்துக்குப் போட ஆஸ்பத்திரியால தந்ததெல்லா!”

“கிணத்துக்குப் போட்டா தேத்தண்ணி வாயில வைக்க ஏலா. ஒரே மணம். வீணாக்காம உனக்குத்தானேகா போட்டம்.”

“அப்ப அவ வந்த நேரம் ஏன் போடல்ல?”

இப்போது சாச்சி நிமிர்ந்து என்னை ஒரு மாதிரிப் பார்த்தா. “நல்ல கதையா இருக்கே! அவ பாஸ் பண்ணினா நமக்கென்ன? அவட ஊருப் பொம்புளைகள் போடட்டும்.”

நான் கிணற்றுக் கட்டில் அப்படியே இருந்துவிட்டேன். ஒழுங்கை முழுக்க என்னை நேசித்ததில்தான் என் போத்தல்கள் செத்துப் போயிருந்தன. தூள் இல்லாத கிணறுகளிலிருந்து மூன்று பிள்ளைகள் வார்ட்டுக்குப் போயிருந்தார்கள். தெற்கே யாரும் கானுக்குள் எதையும் கொட்டவில்லை. ஏனென்றால் அவள் முதல் நாளே பாயில் இருந்து, பணியாரத்தைக் கையில் வைத்துக்கொண்டு, துணி எதற்கு என்று ஒவ்வொரு வீட்டிலும் சொல்லியிருந்தாள். அந்த இரண்டு நாளும் அங்கே போனபோது நான் கேட்காமலேயே பெண்கள் அதை எனக்குத் திருப்பிச் சொன்னார்கள். நான் என் சொந்த உம்மாவுக்கே சொல்லவில்லை.

டொக்டரிடம் சொல்வதா என்று அன்றும் மறுநாளும் யோசித்தேன். சொன்னால் நான் கள்ளி இல்லை என்று தெரியும். கூடவே, சொந்த ஒழுங்கையில் ஒரு வார்த்தை விளக்கத் தெரியாதவள் என்பதும் தெரியும். கொழும்பு அவளுக்குப் போய்விடும். சொல்லாவிட்டால் கிணறுகள் அப்படியே கிடக்கும். மறுநாள் பின்னேரம் எங்கள் ஒழுங்கையின் நாலாவது பிள்ளையைக் காய்ச்சலோடு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். அடுத்த நாள் காலை அலுவலகம் திறந்தவுடன் போய் எல்லாவற்றையும் சொன்னேன். எவ்வளவு பெரிய விட்டுக்கொடுப்பு செய்கிறேன் என்று மனதுக்குள் எண்ணிக்கொண்டேதான் சொன்னேன்.

டொக்டர் முதலில் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்தி, தூள் எத்தனை வீட்டில் கானுக்குப் போனது என்று கேட்டு எழுதினார்.

“கொழும்புக்கு ஆளின்ரை பேரை முந்தநாளே அனுப்பிப்போட்டன், பிள்ளை” என்றார். “அதை யோசிச்சு இவ்வளவு நேரம் சொல்லாமல் இருந்தனீங்களோ?”

விட்டுக்கொடுக்க என்னிடம் ஒன்றுமே இருக்கவில்லை. அந்த இடம் ஏற்கனவே அவளுடையதாக இருந்தது.

அவள் போகும் நாளில் பஸ் நிலையத்துக்கு வரச் சொன்னாள். வேலை இருக்கிறது என்றேன். அது பொய்யில்லை. கிணறுகளை டொக்டர் என்னிடம் ஒப்படைத்திருந்தார். ஒவ்வொரு வீட்டிலும் முதலில் இருந்து, தந்ததைக் குடித்து, கானிலும் கிணற்றிலும் என்ன இருக்கிறது என்று சொன்ன பிறகுதான் தூளைக் கரைத்து ஊற்றினேன். உம்மாவுக்கு முதலில் சொன்னேன். உம்மா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “இத அண்டைக்கே சொல்லியிருந்தா நான் ஒரு சிரட்டையும் போட விட்டிருக்க மாட்டன்” என்று சொல்லிவிட்டு அழுதா. எனக்குக் கொழும்பு தவறியது தன்னால்தான் என்று உம்மா இன்றைக்கும் நினைக்கிறா.

அவள் கிருமி கண்ட இரண்டு கான்களிலிருந்தும் கான்கள் சேரும் ஒவ்வொரு இடமாக ஏறி அந்த வீட்டை நான்தான் கண்டுபிடித்தேன். அங்கே ஒரு மாமிக்கு மருந்து கொடுத்தார்கள். அதன் பிறகு இரண்டு மாதம் எங்கள் ஒழுங்கையிலிருந்து வார்ட்டுக்கு யாரும் போகவில்லை. டொக்டர் என் பதிவேட்டைப் புரட்டிப் பார்த்து, “நல்லது” என்றார்.

அவளுக்கும் அவர் இதே குரலில்தான் “நல்லது” என்று சொல்லியிருப்பாரா என்று அன்று பின்னேரம் வழி முழுக்க யோசித்துக்கொண்டே வீட்டுக்கு நடந்தேன்.