கிண்ணியாவில் நான் வாய் மூடியிருந்த மதியம்

காலை பத்து மணிக்குத் திருகோணமலையில் கிண்ணியா பஸ் ஏறினேன். இருபது கிலோமீற்றர் அளவு தூரம். மடியில் பன்னிரண்டு கேள்விகள் அச்சடித்த தாள். பாலம் வந்தபின் கிண்ணியாப் பெண்களின் வாழ்க்கை எப்படி மாறியது என்பது என் முதுகலை ஆய்வு. முறை, அரைக் கட்டமைப்பு நேர்காணல்: சில கேள்விகளை மட்டும் கையில் வைத்துக்கொண்டு, மிச்சத்தைப் பேசுபவரின் போக்கில் விட்டுவிடுவது. இந்த விட்டுவிடுவதுதான் எனக்கு வராது. எதிரில் இருப்பவர் மூச்சு வாங்கும் இடைவெளியில்கூட அடுத்த கேள்வியைக் கேட்டுவிடுகிற வாய் எனக்கு. முதல் நான்கு நேர்காணல்களிலும் "ஓம்", "நல்லம்" தவிர ஒன்றும் தேறவில்லை. ஐந்தாவதும் இப்படியென்றால் நேர்காணலை விட்டுவிட்டு வினாக்கொத்து நிரப்பச் சொல்லிவிட்டார் மேற்பார்வையாளர். ஒரு வருட உழைப்பு வெறும் சரி, பிழை அடையாளங்களாகிவிடும் என்ற பயத்தில் இரவெல்லாம் தூக்கம் இல்லை.

சீனன்குடா தாண்டியதும் பக்கத்து இருக்கைக்காரர் பேச்சுக் கொடுத்தார். கிண்ணியாவில் துணிக்கடை வைத்திருக்கிறாராம். வாகனங்களையும் ஆட்களையும் ஏற்றிக் கடக்கும் மிதவையை இங்கே பாதை என்பார்கள். பாலம் வருமுன், அந்தப் பாதைக் காலத்தில் நகரத்துக்குப் போய்வர ஒரு பகல் போய்விடும் என்றார். இப்போது பாலத்தைக் கடக்க அவர் பேசிய நேரம்கூட ஆகவில்லை.

பதினொரு மணிக்கு ஹாஜரா வீடு. பெயரை மாற்றியிருக்கிறேன். ஐம்பது தாண்டியவர், பாதையில் கடந்து பாய் விற்றுவந்தவர். ஒலிப்பதிவுக்குச் சம்மதம் கேட்டபோது தலையாட்டினார். பாலம் எப்படி என்றேன். "நல்லம் மகள்." பிரயாணம் லேசா என்றேன். "ஓம்." ஏழு கேள்விகள் இப்படியே ஓடின. என் முகம் வாடியதைப் பசி என்று நினைத்தாரோ என்னவோ, சாப்பிடாமல் போகவிடமாட்டேன் என்று எழுந்துவிட்டார். பதிவை நிறுத்தவா என்று கேட்டேன். அது ஓடட்டும் என்றார்.

முருங்கையிலை போட்ட நண்டுக்கறி. இரண்டு கையிலும் குழம்பு, வாயில் நண்டுக்கால், கேள்வித் தாளோ பையில். அவர் கதிரையை இழுத்துப்போட்டு எதிரே உட்கார்ந்தார். எட்டாவது கேள்வி தொண்டை வரை வந்தது, நண்டு விடவில்லை.

கொஞ்ச நேரத்தில் அவராகவே தொடங்கினார்.

"பாலம் நல்லம்தான் மகள். ஆனா பாதை வரும் மட்டும் நாங்க அஞ்சாறு பொம்பிளையள் கரையில இருப்பம். கதைப்பம், சிரிப்பம். வீட்டில ஏசினா, பாதை வரல்ல எண்டா முடிஞ்சுது. இப்ப பிந்தினா என்னத்தச் சொல்ற? பாலம் வரல்ல எண்டா சொல்ற?"

"பிறகு?" என்றேன். வாயில் நண்டோடு அவ்வளவுதான் முடிந்தது.

பிறகு அவர் நிறுத்தவில்லை. கையெழுத்து வைக்கப் படித்தது அந்தக் கரை மணலில்தானாம், கூட வந்த ஒருத்தி விரலால் எழுதிக் காட்டி. மகளுக்கு மாப்பிள்ளை பேசியதும் அங்கேதான். ஊரே சபித்த காத்திருப்பு, இந்தப் பெண்களுக்குச் சொந்தமாக இருந்த ஒரே நேரம். என் பன்னிரண்டு கேள்விகளில் எதுவும் இதன் பக்கத்தில்கூடப் போகவில்லை. சந்தோசத்தில் எழுந்து குதிக்கலாம் போலிருந்தது. குதிக்கவில்லை, வேண்டுமென்றே மூன்றாவது நண்டை எடுத்தேன்.

மூன்று மணிக்குப் பாலத்தடியில் பஸ்ஸுக்கு நின்றபடி பதிவைக் கேட்டேன். சாப்பாடு தொடங்கியபின் வந்த முக்கால் மணி நேரத்தில் என் குரல் நான்கே முறை, நான்கும் "பிறகு?" மிச்சமெல்லாம் ஹாஜராவும் நண்டு ஓடு உடைகிற சத்தமும். ஒரு துண்டை மேற்பார்வையாளருக்கு அனுப்பினேன். எத்தனையாவது கேள்விக்கு வந்த பதில் என்று கேட்டு எழுதினார். கேள்வியே இல்லை மிஸ், நண்டு என்று பதில் போட்டேன். வினாக்கொத்து வேண்டாம், இதையே தொடருங்கள் என்று வந்தது. ஜெயித்துவிட்டேன்.

அப்போது யாழ்ப்பாணத்திலிருந்து அம்மாவின் போன். வீட்டில் பத்து நிமிடம் பிந்தினாலும் விசாரணைதான். இங்கே வந்தும் தப்பவில்லை.

"இன்னும் வெளிக்கிடேல்லையோ?"

என் முன்னால் நின்ற பஸ் கதவைச் சாத்திக்கொண்டு புறப்பட்டது. அதற்கு முந்தியதையும் நான்தான் போகவிட்டிருந்தேன்.

"பஸ் இன்னும் வரேல்லை அம்மா," என்றேன். கரையோரம் ஒரு கல்லில் உட்கார்ந்து, பதிவை முதலிலிருந்து போட்டேன்.