கடைசிப் பக்கத்தின் கீழ் மூலை

இங்கிலாந்தின் ஹாலிஃபாக்ஸ் ஊரில் வின்னிஃப்ரெட் ஆக்ராய்டின் படங்களைப் பார்க்காத பிள்ளை கிடையாது. ஆனால் வரைந்தது அவள்தான் என்று தெரிந்தவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். தொலைக்காட்சியில் சனிக்கிழமை சாயங்காலம் ஓடும் விண்வெளித் தொடரை, பிள்ளைகளின் வார இதழுக்குச் சித்திரக்கதையாக வரைந்து தீட்டுவது அவள் வேலை. வருஷக்கணக்காக அதே வேலை.

லண்டனில் இருந்த இதழ் அலுவலகத்தில் ஒரு வழக்கம்: ஓவியர் பெயர் போடக் கூடாது. பெயர் வெளியே தெரிந்தால் போட்டி இதழ்க்காரன் கொத்திக்கொண்டு போய்விடுவானாம். வின்னியும் சும்மா இருக்கவில்லை. விண்கலத்தின் பொத்தான்களுக்கு நடுவில் தன் பெயரை ஒளித்து எழுதினாள். நிலாப் பள்ளத்துக்குள் எழுதினாள். அலுவலகத்தில் பூதக்கண்ணாடியோடு உட்கார்ந்திருந்த ஒருவன் ஒவ்வொன்றையும் கண்டுபிடித்து வெள்ளை பூசினான்.

தம்பி கிளிஃபோர்டு கம்பள ஆலைத் தொழிலாளி. மதுக்கடையில் அக்காவைப் பற்றிப் பீற்றிக்கொள்ளப் போய் வாங்கிக் கட்டிக்கொண்டு வருவான்.

"உங்க அக்காவா வரையுது? அப்ப நான்தான்டா நிலாவுக்கு பஸ் ஓட்டுறேன்!"

கலர் தொலைக்காட்சி வந்தபோது இன்னொரு கூத்து. அலுவலகம் அனுப்பிய கறுப்பு வெள்ளைப் புகைப்படத்தைப் பார்த்து, கேப்டனின் சட்டைக்கு அவள் இத்தனை வருஷமும் பச்சை அடித்திருந்தாள். திரையில் அது ரத்தச் சிவப்பு.

"நல்லவேளை உன் பேரு இல்லக்கா, ஊரே சிரிச்சிருக்கும்" என்றான் கிளிஃபோர்டு.

"சிரிக்கட்டும்டா. என்னைப் பாத்துல்ல சிரிக்கும்" என்றாள் அவள்.

பிறகு இதழே நின்றது. நின்றது என்று யாரும் சொல்லமாட்டார்கள். கால்பந்து இதழோடு சேர்கிறது என்பார்கள். விண்வெளிக் கதைக்கு அங்கே இடமில்லை. ஆசிரியர் பெட்டிஃபர் தொலைபேசியில் சொன்னபோது, வின்னி ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"கதையோட கடைசிப் பக்கத்துல என் பேரைப் போட்டுக்கவா சார்?"

"போட்டுக்கம்மா. இனிமே உன்னை எவன் கொத்திட்டுப் போகப்போறான்?"

விண்கலம் புள்ளியாகிப் போகிற படம். கீழ் மூலையில், இருட்டு வானத்தில், முழுப் பெயரையும் வெள்ளையில் எழுதினாள். கிளிஃபோர்டு கடை முழுக்கச் சொல்லி வைத்தான்.

இதழ் வந்தது. கீழ் மூலையில் மஞ்சள் நிறத்தில் ஒரு பெரிய நட்சத்திரக் கட்டம்: 'பிள்ளைகளே, குதூகலச் செய்தி! அடுத்த வாரம் முதல் நாங்கள் இருவரும் ஒன்று!'

அவள் பெட்டிஃபரைக் கூப்பிட்டாள்.

"அச்சுக்காரங்க அறிவிப்பை அந்த மூலையில ஒட்டிட்டாங்கம்மா. எப்பவும் அங்கதான ஒட்டுவோம்."

"என் அசல் படத்தையாவது அனுப்பி வைங்க சார்."

"அசலா? அலுவலகத்தைக் காலி பண்றப்ப எல்லாம் குப்பைக்குப் போயிருச்சே."

மதுக்கடையில் கிளிஃபோர்டு பக்கத்தைப் பிரித்து, "அந்த மஞ்சளுக்குக் கீழதான் இருக்கு, சத்தியமா" என்றான். சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆனது. அதற்குப் பிறகு அவன் அக்காவைப் பற்றி அங்கே வாய் திறக்கவில்லை.

வீட்டில் வின்னி மஞ்சள் கட்டத்தை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தாள். அச்சான தாள் என்று தெரியாதவளா அவள்? சுரண்டச் சுரண்டத் தாள் நைந்து ஓட்டை விழுந்தது. ஓட்டை வழியே, அடுத்த பக்கத்தில் கால்பந்து இதழின் விளம்பரத்தில் இருந்த ஆட்டக்காரனின் முழங்கால் தெரிந்தது.