பத்துப் பதிவு போட்டால் கேள்வி கேட்கலாம்

இரண்டாயிரத்துக்குப் பிறகு திருவிடந்தைப் பக்கம் கடலோரத்தில் பங்களாக்கள் எழும்பின. ஒன்றில் எனக்குத் தோட்ட வேலை கிடைத்தது. அதுவரை அடுத்தவர் வயலில் புல்லைப் பிடுங்கிக் கூலி வாங்கினேன். இங்கே புல்லை வளர்த்தால் மாதச் சம்பளம். காரணம் கேட்கவில்லை.

கொஞ்ச காலம் புல் நன்றாக இருந்தது. பிறகு வட்டம் வட்டமாக மஞ்சளடித்தது. தண்ணீரைக் கூட்டினேன். வட்டம் பெரிதானது. குறைத்தேன். அப்போதும் பெரிதானது.

தீபாவளிக்கு வந்த முதலாளி பார்த்தார். "பொங்கலுக்குச் சொந்தக்காரங்க வர்றாங்க. அதுக்குள்ள பச்சையாகணும். இல்லன்னா வேற ஏற்பாடு பண்ணிக்கிறேன்" என்றார். வேற ஏற்பாடு என்றால் வேற ஆள்.

திருப்போரூரில் பிரவுசிங் சென்டர் வைத்திருந்தவன் என்னோடு படித்தவன். அவனிடம் சொன்னேன்.

"இன்னா மச்சான், புல்லுக்கா இண்டர்நெட்டு?" என்று சிரித்தான். "தமிழ்லயே ஒரு எடம் கீது. யார் வேணா கேள்வி கேக்கலாம். ஆளுங்க பதில் சொல்லுவாங்க."

நான் ஐந்தாவதோடு நின்றவன். நான் சொல்லச் சொல்ல அவன் தட்டினான். வணக்கம், எல்லாரும் சௌக்கியமா என்று ஆரம்பித்து, ஊர், வேலை எல்லாம் சொல்லிப் புல்லுக்கு வந்தோம்.

அடுத்த வாரம் போனால் கேள்வியைக் காணோம். நடத்துகிறவர்கள் ஒரு குறிப்பு வைத்திருந்தார்கள். புதியவர்கள் முதலில் அறிமுகப் பகுதியில் தங்களை அறிமுகம் செய்துகொள்ள வேண்டும்.

செய்துகொண்டேன். கடைசியில் மஞ்சள் புல்லையும் ஒரு வரி சேர்த்தேன். நிறைய பேர் வருக வருக என்றார்கள். ஒருவர் பூங்கொத்துப் படம் போட்டார். புல் வரியை மட்டும் எடுத்துவிட்டார்கள். அறிமுகத்தில் கேள்வி கூடாதாம். கேள்விப் பகுதியில் கேட்க, முன்னதாகப் பத்துப் பதிவு போட்டிருக்க வேண்டுமாம்.

"பதிவுன்னா இன்னாடா?"

"அடுத்தவங்க எழுதினதுக்குக் கீழ எதனா எழுதணும்."

"எனக்கு இன்னா தெரியும்?"

"எவனுக்குத் தெரியும்? அல்லாரும் 'அருமை'ன்னுதான் போட்டுகினு கீறானுங்க. நாமளும் போடுவோம்."

போட்டோம். ஒரு கவிதைக்கு அருமை. வத்தக்குழம்புக்கு அருமை. பஸ்ஸுக்கு நேரமாகிறது என்றேன். அவன் எதையும் படிக்காமலே வரிசையாக 'அருமை'யை ஒட்டிக்கொண்டு போனான்.

மறுமுறை திறந்ததும் அவன் தலையில் கை வைத்தான். "மச்சான், பேஜாரா பூடுச்சி. ஒருத்தர் அவுங்கப்பா செத்துட்டார்னு எழுதிகீறாரு. அதுக்குக் கீழ அருமைன்னு போட்டுகீற."

"நானா?"

"உன் பேருதானே கீது."

அதற்குக் கீழே திட்டு நீளமாக இருந்தது. புதியவர்களுக்கு இன்னும் கட்டுப்பாடு வேண்டும் என்று ஒருவர் எழுதியிருந்தார். என்னை ஒரு மாதம் நிறுத்தி வைத்தார்கள். மன்னிப்புக் கேட்கலாம் என்றேன். நிறுத்தப்பட்டவர் எழுத முடியாது என்று திரையில் வந்தது.

மார்கழி பாதியில் திறந்துவிட்டார்கள். முதலில் அந்த மனிதரிடம் மன்னிப்புக் கேட்டேன். அது பத்தாவது பதிவாக ஏறியது. உடனே புல் கேள்வியைப் போட்டோம். இந்த முறை வணக்கம் வைக்கவில்லை.

அன்றைக்கே பதில் வந்தது. இது ஏற்கெனவே கேட்கப்பட்ட கேள்வி, தேடிப் பார்க்கவும். கேள்வியைப் பூட்டிவிட்டார்கள்.

தேடினோம். கிடைத்தது. யாரோ ஒருவருக்கும் அதே மஞ்சள் வட்டம். கீழே மூன்று பேர் எழுதியிருந்தார்கள். ஒருவர், நல்ல கேள்வி. ஒருவர், எனக்கும் இதே பிரச்சினை. மூன்றாமவர், அருமை.

பொங்கலுக்கு முந்தின வாரம் முதலாளி வந்தார். புல்லை முழுக்கச் சுரண்டி எடுத்துவிட்டுச் சிமெண்டுக் கல் பதித்தார். பச்சை நிறக் கல். என்னை அனுப்பவில்லை. கேட்டில் உட்கார வைத்தார். யார் வந்தாலும் பேர், ஊர், யாரைப் பார்க்கணும், முன்கூட்டியே போன் பண்ணியிருக்கிறாரா என்று கேட்டுத்தான் விட வேண்டும் என்றார்.

பொங்கலன்று ஆட்டோவில் ஒரு பெரியவர் வந்தார். முதலாளியின் மாமனார் என்றார். போன் பண்ணவில்லை என்றார்.

வெளியே ஒரு நாற்காலி போட்டுக் கொடுத்தேன்.